சீலன் அம்மா கேட்டது

ஜூன் 9

சீலன்தான் இதை எழுதச் சொன்னார். "என்ன செஞ்சீங்க, அதுக்கப்புறம் உடம்பு என்ன சொல்லுச்சுன்னு நாலு வரி எழுதி வைங்க மேடம். கொஞ்ச நாள் போனா எது உங்களைச் சாய்க்குதுன்னு உங்களுக்கே பிடிபடும்." மெடிக்கல் ரெப்பாக இருந்தவர். எதையும் யாரிடமும் விற்றுவிடுவார்.

இன்று குளித்தேன், நாற்காலியில் உட்கார்ந்து. தலைக்கு ஊற்றவில்லை. பிறகு மதினி முருங்கைக்கீரையைக் கொண்டுவந்து வைத்தாள். பாதிதான் உருவ முடிந்தது, அதற்கு மேல் கை வரவில்லை. மீதியை அவளே எடுத்துக்கொண்டு போனாள். ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஜூன் 11

நேற்று எழுதவில்லை. மண்டைக்குள் மாவைக் கரைத்து ஊற்றியது போல இருந்தது. கீரை உருவியதற்கா, குளித்ததற்கா, இரண்டுக்கும் சேர்த்தா தெரியவில்லை.

பின்னால் படித்தால் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன். என் பெயர் பிரமநாயகி. வீட்டில் பிரமு. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்தேன். கொரோனா வந்தது. காய்ச்சல் போய்விட்டது, பழைய உடம்பு திரும்பி வரவில்லை. ஒரு வகுப்பு எடுத்தால் மறுநாளும் அதற்கு மறுநாளும் படுக்கை. ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் சுத்தம். ஒவ்வொரு டாக்டரும் "ஒண்ணும் இல்லையே" என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். கடைசியில் ஒருவர்தான் நாள்பட்ட சோர்வு நோய் என்று பெயர் வைத்தார். அதற்கு மருந்து இல்லை என்றும் அவரே சொன்னார். அண்ணனுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே சிரிப்பு. "சோர்வுக்கு ஒரு நோயா? அப்ப எனக்கும்தான் இருக்கு."

வேலையை விட்டு, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அண்ணன் நெல்லையப்பன். மதினி செண்பகம். பின்பக்க அறை எனக்கு.

சீலன் கோவில்பட்டிக்காரர். ஞானசீலன் முழுப்பெயர். சிக்குன்குனியாவுக்குப் பிறகு படுத்தவர். இந்த நோயில் எனக்கு ரொம்ப சீனியர். அம்மாவோடு இருக்கிறார். இணையத்தில் நோயாளிகள் குழு ஒன்றில் தமிழில் எழுதியவர்கள் நாங்கள் இருவர்தான். அப்படிப் பழக்கம். நேரில் பார்த்ததில்லை. வீடியோவில் பேசினால் இரண்டு பேருக்கும் தலை சுற்றும், அதனால் குரல் மட்டும். வெளிநாட்டு ஆய்வுகளைப் படித்து, நம் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி தமிழில் எழுதிப் போடுகிறோம். கணக்கு என் பொறுப்பு. மருந்து, உடம்பு அவர் பொறுப்பு.

ஜூன் 17

இன்று நாங்கள் எடுத்தது ஒரு பழைய ஆய்வு. 'கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டினால் இந்த நோய் குணமாகும்' என்று சொன்ன ஆய்வு. உலகம் முழுக்க டாக்டர்கள் இன்றும் இதை வைத்துத்தான் எங்களை எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். மூன்று நாளாகத் துண்டு துண்டாகப் படித்தேன். இன்று சீலனிடம் சொன்னேன்.

"ஆளைச் சேர்க்கும்போது ஒரு மார்க் வச்சிருக்காங்க. அதுக்குக் கீழே இருந்தா நீ நோயாளி, வா. நடுவுல, 'குணமாயிட்டாங்க'ன்னு சொல்ற மார்க்கை மாத்தி, அதைவிடக் கீழே இறக்கிட்டாங்க."

 சீலன் சிரிக்க ஆரம்பித்தார். "அப்ப உள்ள போகும்போதே ஒருத்தன் நோயாளியாவும் இருக்கலாம், குணமானவனாவும் இருக்கலாமா மேடம்? என் கம்பெனியிலகூட இப்படி ஒரு டார்கெட் குடுத்ததில்லையே!"

சிரித்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. உடனே வைத்துவிட்டோம்.

வேறு சில நாடுகள் இந்த நடைச் சிகிச்சையை இப்போது வேண்டாம் என்று விட்டுவிட்டன. அதையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஜூன் 20

மதினி கேட்டாள். "போன் வர்ற நேரத்துக்கு முன்னாடி ஏன் தலையைச் சீவுத? குரல்தானே போவுது?"

சீவினால் தலைவலி குறையும் என்றேன்.

ஜூன் 28

அண்ணனை உட்காரவைத்து ஒரு ஆய்வைப் படித்துக்காட்டினேன். நோயாளிகளை ஒரு நாள் சைக்கிள் மிதிக்கவைத்து, மூச்சையும் நாடியையும் அளக்கிறார்கள். மறுநாளும் அதே சைக்கிள். நல்ல உடம்புக்காரர்கள் இரண்டாம் நாளும் ஏறக்குறைய அதே அளவு மிதிக்கிறார்கள். எங்கள் ஆட்களில் நிறைய பேருக்கு இரண்டாம் நாள் அளவே இறங்கிப்போகிறது. இதில் நடிக்க முடியாது, மூச்சுக்காற்று நடிக்காது.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அப்ப நிஜம்தானாட்டி?" என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனும் பதறி, தண்ணீர் கொண்டுவந்தான்.

ஜூன் 29

காலையில் அண்ணன் அறை வாசலில் நின்று சொன்னான்: "சும்மா படுத்தே கிடக்காம காலாற ரெண்டு நடை நடந்து பாரேன் பிரமு."

ஜூலை 1

படுக்கை. அழுததற்கு.

ஜூலை 8

சீலனுக்கு ஒரு புது டாக்டர். அம்மாவின் சபையில் யாரோ சொல்லி, மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை வருகிற ஒருவரிடம் காட்டியிருக்கிறார்கள். "உன் பிள்ளைக்கு ஒண்ணும் இல்லை. படுத்துப் படுத்தே தசை செத்துப்போச்சு. காலையில மாடியில நடக்கவை. தினமும் கொஞ்சம் கூட்டு. கெஞ்சுவான், விடாதே" என்றாராம்.

"நடக்கப் போகாதீங்க சீலன்" என்றேன்.

"அம்மா முகத்தைப் பார்த்தா எப்படிப் போகாம இருக்கிறது மேடம்? இத்தனை வருஷத்துல முதல் தடவையா ஒரு டாக்டர் அவங்களுக்கு ஒரு வேலை குடுத்திருக்கார். விடிஞ்சதும் எந்திரிச்சு, எனக்கு செருப்பைத் துடைச்சு வச்சிட்டு நிக்காங்க."

ஜூலை 13

சாம்பார்ப் பொடிக்கு மல்லி காயப் போட்டிருக்கிறாள் மதினி. வாசனை தாங்க முடியாமல் கதவைச் சாத்தினேன். அவளுக்கு வருத்தம் போல.

சீலன் இரண்டு நாளாகப் பேசவில்லை. ஒரே ஒரு குரல்பதிவு: "முடியலை. நாளைக்கு."

ஜூலை 19

இன்று நானே கூப்பிட்டேன். அம்மா எடுத்தார். ரத்தினபாய் என்று பெயர்.

"அவன் தூங்குதான்" என்றார்.

"அம்மா, அவரை நடக்க வைக்காதீங்க. தயவுசெஞ்சு. இந்த நோய்க்கு அது ஆகாது. நான் படிச்சிருக்கேன்."

"நீயும் அவனும் படிச்சுப் படிச்சுத்தான் வியாதியை வளர்க்கீங்க. டாக்டரைவிட உனக்குத் தெரியுமா? என் பிள்ளை இன்னைக்கு நேத்தைவிட ஒரு சுத்து கூடச் சுத்தினான்."

எனக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரியும். "இப்படியே நடக்கவச்சா ஒரு நாள் அவர் எந்திரிக்கவே மாட்டார்!" என்று கத்தினேன்.

அவர் போனை வைத்துவிட்டார். மதினி ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனாள்.

ஜூலை 26

ஒரு வாரம் போய்விட்டது. கத்தினதற்கு உடம்பு எடுத்துக்கொண்ட வட்டி.

ஆகஸ்ட் 3

சீலன் பேசினார். குரல் மெலிந்துவிட்டது. மாடிப்படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாராம், அதிலிருந்து நடை நின்றது. எழுந்து உட்கார்ந்தாலே நெஞ்சு படபடக்கிறது. அம்மா ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருக்கிறார், வெளிச்சம் கண்ணில் குத்துகிறதாம்.

"அம்மா மேல கோவமா?" என்று கேட்டார்.

"இல்லை."

"இருக்கு. எனக்குத் தெரியும். கோவப்படாதீங்க. அவங்க வேற என்ன செய்வாங்க?"

பிறகு ஆய்வு பற்றித்தான் பேசினோம்.

ஆகஸ்ட் 10

இந்த மாதம் ஒரு முடிவு வர வேண்டும். நரம்பில் ஏற்றுகிற ஒரு மருந்து. முதலில் சின்னதாகச் செய்து பார்த்தபோது பாதிக்கு மேல் தேறினார்கள். அதன் பிறகு பெரிய அளவில், யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் உப்புத்தண்ணீர் என்று டாக்டருக்கும் தெரியாமல், நோயாளிக்கும் தெரியாமல் செய்திருக்கிறார்கள். சீலன் இதற்காக எத்தனையோ மாதமாகக் காத்திருக்கிறார். நம் ஊரிலும் அந்த மருந்து கிடைக்கும், வேறு நோய்க்குக் கொடுக்கிறார்கள், எந்தக் கம்பெனி என்பதுகூட அவருக்குத் தெரியும்.

"கிடைச்சா முதல்ல எங்க போவீங்க?" என்று கேட்டேன்.

"திருநெல்வேலிக்கு" என்றார்.

அல்வா வாங்கவா என்று கேட்டேன். ஆமாம், அல்வாவுக்குத்தான் என்றார்.

ஆகஸ்ட் 22

முடிவு வந்துவிட்டது. வேலை செய்யவில்லை.

மருந்து ஏற்றியவர்களில் எவ்வளவு பேர் தேறினார்களோ, உப்புத்தண்ணீர் ஏற்றியவர்களிலும் ஏறக்குறைய அவ்வளவு பேர் தேறியிருக்கிறார்கள். எங்காவது தப்பு இருக்காதா என்று அட்டவணை அட்டவணையாகத் தேடினேன். ஆய்வு மோசம் என்றால் சொல்லிவிடலாமே. ஆனால் ஒழுங்கான ஆய்வு. நான் வகுப்பில் உதாரணமாக நடத்தியிருக்கக்கூடிய ஆய்வு.

ஆகஸ்ட் 24

சீலனிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்தேன். இன்று அவரே கூப்பிட்டார்.

"வந்திருச்சா?"

"இன்னும் முழுசாப் படிக்கலை."

"மேடம். ரெப்பா இருக்கையில டாக்டர் முகத்தைப் பார்த்து நாலு நிமிஷத்துல சொல்லிருவேன், வாங்குவாரா மாட்டாரான்னு. எனக்குப் பூசி மெழுக வேண்டாம்."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நல்லாச் செஞ்ச ஆய்வா?"

"ரொம்ப நல்லாச் செஞ்சது."

"அப்ப சரி. ஏமாத்தலையே." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டார். "நீங்க ஒருத்தர்தான் என்கிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லுதீங்க, பிரமு."

ஆகஸ்ட் 25

தலைக்குக் குளித்தேன். தேவையில்லாத வேலை.

செப்டம்பர் 6

குரல்பதிவுகள் சின்னதாகிக்கொண்டே வருகின்றன. முன்பு ஒரு ஆய்வைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுவார். இப்போது "ம், கேட்டேன்." நேற்று அதுவும் இல்லை, மின்விசிறிச் சத்தமும், எங்கோ ஒரு கோழியும்.

அதை அழிக்கவில்லை.

செப்டம்பர் 15

அம்மா கூப்பிட்டார். அன்று கத்தியதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

"பேச்சு வர மாட்டேங்குது அவனுக்கு. கையைக் காட்டுதான், போனைக் காட்டுதான். நீ ஏதாவது சொல்லேன், நான் காதுகிட்ட வைக்கேன். மெதுவாச் சொல்லணும், சத்தம் ஆகலை."

 புதிதாக வந்த ஒரு ஆய்வைச் சொன்னேன். ரத்தத்தில் எதையோ தேடுகிறார்கள், கொஞ்சம் பேரிடம்தான் பார்த்திருக்கிறார்கள், இன்னும் யாரும் திருப்பிச் செய்து பார்க்கவில்லை என்று. கிசுகிசுவென்று சொன்னேன்.

"சிரிக்கான்" என்றார் அம்மா.

செப்டம்பர் 29

விழுங்க முடியவில்லையாம். கஞ்சித்தண்ணீரே இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். எல்லா ரிப்போர்ட்டும் நன்றாக இருக்கிறதாம், மனநல டாக்டர் வந்து பார்க்கப்போகிறாராம். மூக்கு வழியாகக் குழாய் போடச் சொல்லுங்கள், இந்த நோய் முற்றினால் இப்படி ஆகும் என்று அம்மாவிடம் சொன்னேன். கடுமையான நோயாளிகளைப் பற்றி வந்த கட்டுரைகளை, அம்மாவிடம் நம்பர் வாங்கி ஆஸ்பத்திரி டாக்டருக்கு அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு வந்தது.

இட்லி ஒன்று சாப்பிட்டேன். மதினி இன்னொன்று வைத்தாள். அதையும் சாப்பிட்டேன்.

அக்டோபர் 4

குழாய் போட்டுவிட்டார்கள். தாமதமாக. ஆனாலும் போட்டுவிட்டார்கள்.

அக்டோபர் 9

நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சலாம்.

அக்டோபர் 16

அம்மாவிடமிருந்து இன்று போன் வந்தது. திங்கட்கிழமையே முடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அடக்கம். "உனக்குச் சொல்லணும்னு தோணவே இல்லைம்மா, எனக்கு எதுவுமே தோணலை" என்றார்.

பரவாயில்லை அம்மா என்றேன்.

மதினி உலர்ந்த துணி மடிக்க வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். "யாரு பிரமு?" என்றாள். குழுவில் ஒருவர் என்றேன். அவள் துணியை அப்படியே போட்டுவிட்டு என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் என்னைத் தொட்டதே இல்லை.

அக்டோபர் 21

கோவில்பட்டிக்குப் போக வேண்டும் என்றேன். அண்ணன் முடியவே முடியாது என்றான். "நீதானே சொன்ன, அதிகம் அலைஞ்சா ஒரேயடியாப் படுத்திரும்னு? அன்னைக்குப் படிச்சுக்காட்டினியே?"

முதல் தடவையாக நான் படித்துக்காட்டியதை அவன் நம்பிப் பேசுகிறான். அதற்கு எதிராக நான் வாதாட வேண்டியிருக்கிறது.

மதினி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "காரைச் சொல்லுங்க. பின் சீட்டுல படுக்கவச்சுக் கூட்டிட்டுப் போறேன். நான் பார்த்துக்கிடுதேன்."

நவம்பர் 13

போய்வந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. இடையில் இருந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மதினி ஸ்பூனில் ஊட்டினாள்.

கண்ணில் துண்டைக் கட்டி, காதில் பஞ்சு வைத்து, கார் முழுக்கப் படுத்தே போனேன். சின்ன வீடு. முன்னறையில் சீலனின் போட்டோ, மாலை போட்டு. பைக் மேல் சாய்ந்து நிற்கிறார், கழுத்தில் டை. மீசை வைத்திருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. குரலை மட்டும் கேட்டு நான் வேறு ஒரு முகத்தை வைத்திருந்தேன். அந்த முகம் அங்கேயே போய்விட்டது. இப்போது நினைத்தாலும் வரவில்லை.

ரத்தினபாய் அம்மா குட்டையான ஆள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு மெலிஞ்சா இருப்ப?" என்றார். நாற்காலியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே எனக்குக் கண் இருட்டியது. அவர் மதினியைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார், பழகிய கை. அப்படியே உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்தார். சீலனின் கட்டில். ஜன்னலில் கறுப்புத் துணி இன்னும் அவிழ்க்கவில்லை. மதினி முன்னறையிலேயே இருந்துகொண்டாள்.

அம்மா தரையில் உட்கார்ந்தார்.

"உன்னைப் பார்க்கணும்னு ஒரு நாள் சொன்னான். அப்புறம் அவனே, வேண்டாம்மா, வந்தா அவ படுத்திருவான்னுட்டான்."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா? எனக்குப் படிப்பு கிடையாது. நீ காலேஜுல நடத்தினவ. எல்லாத்தையும் படிச்சவ. அவனுக்கு நிஜமாவே வியாதிதானா? ஆஸ்பத்திரியில கடைசி வரைக்கும் ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லைன்னே சொன்னாங்க."

"நிஜம்தான்மா. உடம்புல உள்ள வியாதி. சோம்பல் கிடையாது, மனசு கிடையாது. ஒரு நாள்கூட உங்ககிட்ட அவர் நடிக்கலை."

தலையை ஆட்டினார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அவருக்கு அது ஆறுதல் என்று நினைத்தேன். அடுத்து என்ன வரும் என்று அந்த நேரம் எனக்கு உறைக்கவே இல்லை.

"அப்ப மாடியில நடக்கவச்சேனே. வேண்டாம்மா, முடியலைம்மான்னான். கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். கால்ல விழாத குறையாக் கெஞ்சினான். அதனாலதானா?"

பக்கத்துத் தெருவில் யாரோ மிக்சி ஓட்டினார்கள்.  எனக்குத் தெரிந்ததெல்லாம் மண்டைக்குள் வரிசையாக வந்து நின்றது. அந்தச் சைக்கிள் ஆய்வு, நடந்து மோசமானதாக எழுதிய எத்தனையோ நோயாளிகள், ஜூன் மாதம் சிரித்த சீலன், ஆகஸ்ட் மாதம் பேசிய சீலன்.

"தெரியாதும்மா" என்றேன். "யாருக்கும் தெரியாது. நடக்காமலே இப்படி முத்திப்போனவங்களும் இருக்காங்க. அவருக்கு எதனால முத்துச்சுன்னு சொல்ற அளவுக்கு ஆராய்ச்சி இன்னும் வரலை."

"நீ அன்னைக்கே போன்ல சொன்னியே. எந்திரிக்கவே மாட்டான்னு."

"பயத்துல சொன்னேன். அப்படியெல்லாம் ஒரு ஆளை வச்சுச் சொல்லிர முடியாதும்மா. நானா இருந்தாலும், டாக்டர் சொன்னா நடக்கத்தான் வச்சிருப்பேன்."

கடைசி வாக்கியத்தைத் தவிர எதுவும் பொய்யில்லை. என் மாணவி யாராவது இப்படிப் பதில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். சீலன் கேட்டிருந்தால், நான் பூசி மெழுகுகிறேன் என்று கண்டுபிடிக்க நான்கு நிமிஷம்கூட ஆகியிருக்காது அவருக்கு.

அம்மா என் காலைப் போர்வையால் மூடிவிட்டு, காப்பி போடப் போனார்.

நவம்பர் 16

அந்தப் பழைய நடை ஆய்வைப் பற்றி நாங்கள் பாதி எழுதிவைத்ததை இன்று எடுத்தேன். அதை முடித்துக் குழுவில் போட வேண்டும். வேறு அம்மாக்கள் படிக்க வேண்டும். சீலன் எழுதிய பத்தி வரை வந்ததும் மூடிவிட்டேன்.

நவம்பர் 24

முடித்துப் போட்டுவிட்டேன். இரண்டு பேர் பெயரிலும். நடக்கவைக்காதீர்கள் என்று கடைசி வரியில் அழுத்தமாக எழுதியிருக்கிறேன். ரத்தினபாய் அம்மா இணையம் பார்க்க மாட்டார்.

டிசம்பர் 2

மத்தியானம் ரத்தினபாய் அம்மா கூப்பிட்டார். சாப்பிட்டாயா, மதினி நன்றாகப் பார்த்துக்கொள்கிறாளா என்றெல்லாம் கேட்டார். கட்டிலைச் சபையில் யாருக்கோ கொடுத்துவிட்டாராம். கறுப்புத் துணியை அவிழ்த்துவிட்டாராம்.

"நீ சொன்னதைத்தான் தினமும் நெனச்சுக்கிடுதேன்" என்றார். "யாருக்கும் தெரியாதுன்னு சொன்னியே. அதை."

"ஆமாம்மா."

பிறகு கேட்டார்.

"எனக்காகத்தானே அப்படிச் சொன்ன?"

எனக்கு ஆமாம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. அவர் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சரிம்மா. நீ பேச வேண்டாம். பேசினா உனக்கு ஆகாது" என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.